வலைக்குப் பலியிட்டது யாரு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல சாக்கடல் சுருள்களைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருந்தேன். 1947 வாக்குல சாக்கடல் கரையில கும்ரான் பக்கம் ஆடு மேய்க்கப்போன பெதுவின் நாடோடி ஆளுங்க குகைக்குள்ள மண்ஜாடிகளைக் கண்டுபிடிச்சது, அதுக்குள்ள இருந்த ஏசாயா சுருள், இதெல்லாம். அதுக்கு வந்த கடிதம், வாட்ஸ்அப், வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் சேர்த்து வச்சுப் பார்த்தா பெரும்பாலும் ஒரே சந்தேகம்தான். பழைய வேத வசனத்தை எடுத்து, அது எழுதின காலத்துல இல்லாத ஒரு அர்த்தத்தைப் பின்னால வந்தவங்க எப்படிச் சொன்னாங்க, அது நியாயமா? அதனால இந்தத் தடவை மத்த கேள்விகளை ஒதுக்கிட்டு இதுக்கே முழுப் பக்கமும் கொடுத்துட்டேன்.

பாளையங்கோட்டை வாசகர்: மத்தேயு 2:15-ல "எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்"னு தீர்க்கதரிசி சொன்னது நிறைவேறுச்சுன்னு இருக்கு. ஓசியா 11:1-ஐத் திறந்து பார்த்தா அது இஸ்ரவேல் ஜனம் எகிப்தை விட்டு வந்த பழைய கதை. வரப்போறதைப் பத்தின பேச்சே அங்க இல்ல. மத்தேயு வசனத்தை வெட்டி ஒட்டிட்டாரா சார்? காலேஜ் படிக்கிற என் பையன் கேட்டான், எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

பையன் சரியாத்தான் கேட்டிருக்கான், அவனை அதட்டிடாதீங்க. ஓசியா சொல்றது இறந்தகாலம்தான். "இஸ்ரவேல் இளைஞனாயிருந்தபோது நான் அவனை நேசித்தேன்"னு ஆரம்பிக்கிறார், அடுத்த வசனத்துலயே அந்தப் பிள்ளை பாகால்களுக்குப் பலியிட்டுத் திரிஞ்சான்னு தகப்பன் மனசு நோகுது. மத்தேயுவுக்கு இது தெரியாதுன்னு நினைக்கிறீங்களா? அவருக்கும் அவர் யாருக்கு எழுதினாரோ அவங்களுக்கும் இந்த வரிகள் மனப்பாடம் சார். பழைய ஏற்பாட்டோட கிரேக்க மொழிபெயர்ப்புல அந்த இடத்துல "அவனுடைய பிள்ளைகளை"ன்னு பன்மையில இருக்கு, எபிரேயத்துலதான் "என் குமாரனை"ன்னு ஒருமை, மத்தேயு எபிரேயப் பாடத்தோட போறார். ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து எடுத்த ஆள் அவர்.

அவர் என்ன பண்றார்னா, இஸ்ரவேல் நடந்த பாதையில இயேசுவையும் நடத்திக் காட்றார். எகிப்து, அப்புறம் தண்ணி, அப்புறம் வனாந்தரம். அங்க 40 வருஷம், இங்க 40 நாள். வனாந்தரத்துல சோதனைக்காரனுக்கு இயேசு சொல்ற மூணு பதிலும் உபாகமம் 6, 8-ம் அதிகாரங்கள்லேர்ந்து வருது, அதாவது இஸ்ரவேல் வனாந்தரத்துல பட்டதை மோசே நினைவுபடுத்துற அதே பகுதியிலேர்ந்து. முதல் பிள்ளை தவறின இடத்துல இந்தப் பிள்ளை நிக்கிறான், மத்தேயு சொல்ல வந்தது அதுதான். "நிறைவேறுச்சு"ன்னு நாம படிக்கிற கிரேக்கச் சொல்லுக்கு நேர் அர்த்தம் நிரம்புறது. பாத்திரம் முன்னாடியே இருக்கு, அதுல பாதி தண்ணியும் இருக்கு, இப்ப விளிம்பு வரைக்கும் வந்துடுச்சு, அப்படி. ஜோசியம் பலிச்ச மாதிரி இதை எடுத்துக்கிட்டா பையன் கேட்ட கேள்விக்குப் பதிலே கிடைக்காது.

மதுரை வாசகி: நீங்க போன தடவை ஆபகூக் சுருள்னு ஒரே ஒரு வரி எழுதிட்டு விட்டுட்டீங்க. அதுல அப்படி என்னதான் இருக்கு? விளக்கமா சொல்லுங்க ஐயா.

அம்மா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன்.

முதல் குகையில கிடைச்ச சுருள்கள்ல ஒண்ணு அது, இப்ப எருசலேம்ல இஸ்ரேல் மியூசியத்துல இருக்கு. 13 பத்தி (நெடுவரிசை), நம்ம கைக்குக் கிடைச்சிருக்கிற பிரதி கிட்டத்தட்ட கி.மு. 1-ம் நூற்றாண்டோட எழுத்து. ஆபகூக் புத்தகத்தோட முதல் ரெண்டு அதிகாரத்தை வரி வரியா எழுதி, ஒவ்வொரு வரிக்குக் கீழயும் "இதன் பெஷர் என்னன்னா"ன்னு போட்டு விளக்கம் எழுதியிருக்காங்க. பெஷர்னா எபிரேயத்துல விளக்கம், கனவுக்குப் பலன் சொல்றோமே கிட்டத்தட்ட அந்த அர்த்தம். தேவனோட நாமம் வர்ற இடத்துல மட்டும் பழைய காலத்து எபிரேய எழுத்துல மாத்தி எழுதியிருக்காங்க, அந்தப் பேர் மேல அவ்வளவு பயபக்தி.

ஆபகூக் தீர்க்கதரிசி கி.மு. 600-ஐ ஒட்டின ஆளு. அவர் கண்ணு முன்னாடி பாபிலோன் படை வருது, கல்தேயர். அவங்க மனுஷங்களை மீன் மாதிரி வலை போட்டு அள்றாங்க, பிறகு "தன் வலைக்குப் பலியிட்டு, தன் பறிக்குத் தூபங்காட்டுகிறான்"னு சொல்றார், 1:16. எப்பேர்ப்பட்ட படம் பாருங்க, கொள்ளையடிச்ச கருவியையே சாமின்னு கும்பிடுறான். இப்ப கும்ரான்காரங்க, அதாவது இந்தச் சுருள்களை வச்சிருந்த யூதச் சமூகம், இதை எப்படிப் படிச்சாங்கன்னா, கல்தேயரை எடுத்துட்டு "கித்தீம்"னு ஒரு பேரைப் போட்றாங்க, கித்தீம்னா ரோமர்னுதான் ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் சொல்றாங்க. வலைக்குப் பலியிடுறதுன்னா அவங்க தங்களோட கொடிகளுக்குப் பலி செலுத்துறாங்க, தங்களோட ஆயுதங்களையே வணங்குறாங்கன்னு எழுதி வச்சிருக்காங்க. ரோமப் படை தன்னோட கொடிக்கம்பத்தைத் தெய்வமா வச்சுக் கும்பிட்டது தெரிஞ்ச சங்கதிதானே. 500 வருஷத்துக்கு மேல பழசான ஒரு வரி, நேத்து ஊருக்குள்ள வந்த படையைப் பத்திப் பேசுற மாதிரி அவங்க காதுல விழுந்திருக்கு.

அதை விட முக்கியமானது 7-ம் பத்தி. அங்க ரொம்பத் துணிச்சலா ஒண்ணு சொல்றாங்க: கடைசித் தலைமுறைக்கு என்ன நடக்கும்னு எழுதச் சொல்லி தேவன் ஆபகூக்குக்குச் சொன்னார், ஆனா அந்தக் காலம் எப்ப முடியும்னு அவருக்குத் தெரியப்படுத்தல, அந்த ரகசியம் நீதியின் போதகருக்குத்தான் வெளிப்பட்டுச்சு. நீதியின் போதகர்ங்கிறவர் அந்தச் சமூகத்தோட தலைவர். எழுதின தீர்க்கதரிசிக்கே முழு அர்த்தம் தெரியாது, படிக்கிற எங்களுக்குத் தெரியும்! அதை முதல் தடவை படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு, ஏன்னா இயேசுவோட சீஷர்கள் பிற்பாடு செஞ்சதும் கிட்டத்தட்ட இதேதான், அதே யூதேயா மண்ணுல, கிட்டத்தட்ட அதே காலத்துல.

இப்ப 2:4-க்கு வாங்க. "தன் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்." சண்டே ஸ்கூல்ல மனப்பாட வசனமா கொடுத்திருப்பாங்க. கும்ரான் சுருள் இதை யாருக்குச் சேர்க்குதுன்னா, யூதா வீட்டுல நியாயப்பிரமாணத்தைக் கடைப்பிடிக்கிறவங்களுக்கு. அவங்க பட்ட பாட்டுக்காகவும் நீதியின் போதகர் மேல வச்ச விசுவாசத்துக்காகவும் தேவன் அவங்களை நியாயத்தீர்ப்புலேர்ந்து காப்பாத்துவார்னு சொல்லுது. அதாவது பிரமாணமும் விசுவாசமும் ஒண்ணா கைகோர்த்து நிக்குது. கி.பி. 50-கள்ல பவுல் கலாத்தியருக்கு எழுதுறார், 3:11, அதே வசனத்தை எடுத்து நேர் எதிர்ப்பக்கம் வைக்கிறார், நியாயப்பிரமாணத்தினாலே ஒருத்தனும் நீதிமான் ஆகிறதில்ல, ஏன்னா விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்னு வேதத்துல எழுதியிருக்குன்னு.

ஒரு சின்ன விஷயத்தை உங்க தமிழ் பைபிள்லயே பார்க்கலாம். ஆபகூக்ல "தன் விசுவாசத்தினாலே"ன்னு இருக்கு. ரோமர் 1:17-லயும் கலாத்தியர் 3:11-லயும் அந்த "தன்" இல்ல. எபிரேய மூலத்துல "அவனுடைய", கிரேக்க மொழிபெயர்ப்புல "என்னுடைய", அதாவது தேவனோட உண்மை. பவுல் ரெண்டையுமே விட்டுட்டார், வெறும் "விசுவாசத்தினாலே". யாரோட விசுவாசம்ங்கிற கதவைத் திறந்தே வச்சுட்டுப் போறார். 16-ம் நூற்றாண்டுல லூத்தர் அந்தக் கதவு வழியாத்தான் நுழைஞ்சார், லூத்தரோட வழிவந்த சீகன்பால்க் தரங்கம்பாடிக்குக் கப்பல்ல வந்து அச்சடிச்ச புதிய ஏற்பாடு 1715-ல முழுமையாச்சு, அதுலதான் ரோமர் 1:17 முதல்முதலா தமிழ் அச்சுல ஏறுச்சு. ஒரு "தன்" போன வழியில எவ்வளவு தூரம்!

மூணாவது வாசிப்பு ஒண்ணு இருக்கு, அதை நம்ம பிரசங்கங்கள்ல நான் கேட்டதே இல்ல. ரப்பிகள்ங்கிற யூத வேத ஆசிரியர்களோட வாதங்களைத் தொகுத்த பாபிலோன் தல்மூத்ல, மக்கோத்ங்கிற பகுதியில வருது. மோசேக்கு 613 கட்டளை கொடுக்கப்பட்டதுன்னு ரப்பி சிம்லாய் சொல்றார். தாவீது வந்து அதை 11-ல நிறுத்தினார் (சங்கீதம் 15), ஏசாயா 6-ல, மீகா 3-ல, மறுபடியும் ஏசாயா 2-ல, கடைசியா ஆபகூக் வந்து ஒண்ணே ஒண்ணுல நிறுத்தினார், "தன் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்". இங்க கட்டளைகள் எதுவும் கீழ விழல, 613-ம் அந்த ஒரு விதைக்குள்ள அடங்கி நிக்குது. ஒரே எபிரேய வரி, அதுல மூணே மூணு சொல்லு, மூணு சமூகம் அதை வச்சு வாழ்ந்திருக்கு.

தூத்துக்குடி மாணவர்: இந்த மாதிரி புது அர்த்தம் சொல்றதெல்லாம் பிற்காலத்துல வந்தவங்க வேலைதானே? பைபிளுக்குள்ள அப்படி எதுவும் கிடையாதே அண்ணா?

இருக்கு தம்பி, நிறையவே இருக்கு. பஸ்கா ஆட்டை எப்படிச் சமைக்கிறதுங்கிற விஷயத்தையே எடுத்துக்க. யாத்திராகமம் 12:9 தண்ணியில வேகவைக்காத, நெருப்புல சுட்டுத்தான் சாப்பிடணும்னு கண்டிப்பா சொல்லுது. உபாகமம் 16:7-ல வர்ற எபிரேய வினை பாஷல், சாதாரணமா அதுக்கு வேகவைக்கிறதுன்னு அர்த்தம், யாத்திராகமம் வேண்டாம்னு சொன்ன அதே வினை. ரெண்டும் மோசேயோட பிரமாணம், ரெண்டையும் தள்ள முடியாது. நாளாகமம் எழுதினவர் கிட்டத்தட்ட கி.மு. 4-ம் நூற்றாண்டு ஆளு, யோசியா ராஜா கொண்டாடின பஸ்காவை எழுதும்போது (2 நாளாகமம் 35:13) எபிரேயத்துல அப்படியே போட்டா "பஸ்காவை நெருப்புல வேகவச்சாங்க, முறைப்படி"ன்னு வருது. நெருப்பு யாத்திராகமத்துலேர்ந்து, வேகவச்சது உபாகமத்துலேர்ந்து. அடுப்படியில நிக்கிறவங்களுக்கு அந்த வாக்கியம் விநோதமாத்தான் இருக்கும், ஆனா அதை எழுதினவரோட கவலை எனக்குப் புரியுது, ரெண்டு வசனத்துல ஒண்ணைக்கூட அவர் கைவிட விரும்பல.

இதைவிடப் பெரிய மாற்றமும் உண்டு. 2 சாமுவேல் 24:1-ல தாவீதை ஜனத்தொகை எடுக்கத் தூண்டினது கர்த்தருடைய கோபம். அதே சம்பவத்தை 1 நாளாகமம் 21:1 சொல்லும்போது தூண்டினவன் சாத்தான். நடுவுல சில நூற்றாண்டு ஓடிப்போச்சு, தேவன் ஒருத்தரைத் தப்பு பண்ணத் தூண்டிட்டு அப்புறம் அதுக்கே தண்டிப்பாராங்கிற கேள்வி உறுத்த ஆரம்பிச்சுடுச்சு. கி.மு. 2-ம் நூற்றாண்டுல எழுதின யூபிலி புத்தகம் இன்னும் ஒரு படி போகுது, ஆபிரகாம்கிட்ட ஈசாக்கைப் பலி கேட்ட கதையிலயே மஸ்தேமான்னு ஒரு பொல்லாத ஆவிகளோட தலைவனைக் கொண்டுவந்து, அவன் பேச்சால்தான் அந்தச் சோதனையே வந்துச்சுன்னு எழுதுது, யோபு கதை மாதிரி. எத்தியோப்பிய சபை அந்தப் புத்தகத்தை இன்னைக்கும் வேதமா வச்சிருக்கு.

எரேமியா 70 வருஷம்னு சொன்னது தானியேல் 9-ம் அதிகாரத்துல 70 வாரமா, அதாவது வருஷக் கணக்குல 490-ஆ விரியுறது உனக்கே தெரிஞ்சிருக்கும். நாடு திரும்பி வந்தும் விடுதலை வரலையேங்கிற ஏக்கம் அதுல இருக்கு. பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் தானியேல் இன்னைக்கு இருக்கிற வடிவத்துக்கு வந்தது கி.மு. 160-கள்ல, அந்தியோகஸ் ராஜா தேவாலயத்தைத் தீட்டுப்படுத்தின காலத்துலன்னு சொல்றாங்க. அப்படிப் பார்த்தா அந்த ஏக்கம் இன்னும் நல்லாப் புரியும்.

சிதம்பரம் வாசகர்: நம்ம உரையாசிரியர்கள் செஞ்சதும் இதுதானே?

பாதி ஆமா. ஓலைச்சுவடியில புள்ளி இருக்காது, நிறுத்தற்குறி இருக்காது, எங்க பிரிக்கிறோமோ அங்க பொருள் மாறும். எபிரேயச் சுருளும் அப்படித்தான், உயிர்க்குறி கிடையாது, காற்புள்ளி கிடையாது. ஏசாயா 54:13-ல "உன் பிள்ளைகள்"னு இருக்கிற சொல்லை "பனாயிக்னு படிக்காதே, போனாயிக்னு படி"ன்னு ரப்பிகள் சொல்வாங்க, அப்ப "உன்னைக் கட்டுறவர்கள்"னு ஆயிடும், வேதம் படிக்கிற பிள்ளைங்கதான் ஊரைக் கட்டுறாங்கன்னு பொருள் வரும். பழைய அர்த்தத்தை அவங்க அழிக்கல, பக்கத்துல இன்னொண்ணை உட்கார வச்சாங்க.

ஏசாயா 40:3-ல ஒரு நிறுத்தம் இடம் மாறினதைப் பாருங்க. எபிரேய ஓட்டத்துல "ஒரு சத்தம் கூப்பிடுது: வனாந்தரத்திலே வழியை ஆயத்தப்படுத்துங்கள்". வழி வனாந்தரத்துல. கும்ரான் ஆட்கள் இதை நம்பி நிஜமாவே வனாந்தரத்துக்குப் போய்க் குடியேறிட்டாங்க, வழியை ஆயத்தப்படுத்துறதுன்னா பிரமாணத்தை ஆராயுறதுன்னு தங்களோட சமூக விதிச் சுருள்ல எழுதி வச்சாங்க. சுவிசேஷங்கள் கிரேக்க வழியில போகுது, "வனாந்தரத்திலே கூப்பிடுகிற சத்தம்". சத்தம் வனாந்தரத்துல, உடனே யோவான் ஸ்நானகன் ஒட்டக மயிர் உடையோட கண்ணு முன்னாடி வந்து நிக்கிறார்.

வித்தியாசம்னு ஒண்ணு சொல்லணும்னா, பரிமேலழகர் "வள்ளுவர் இந்தக் குறளை என் காலத்து ராஜாவை நினைச்சுத்தான் எழுதினார்"னு சொல்லல. பெஷர் எழுதினவங்க அதைத்தான் சொன்னாங்க.

கொழும்பு வாசகி: ஆபிரகாமின் 318 வேலைக்காரர்னு ஆதியாகமத்துல ஒரு எண் வருது. அதுக்குள்ள சிலுவை இருக்குன்னு ஒரு போதகர் சொன்னார். உண்மையா?

அந்த விளக்கம் ரொம்பப் பழசு அம்மா, பர்னபா நிருபம்னு ஒரு கிறிஸ்தவ நூல்ல இருக்கு, கி.பி. 70-க்கும் 135-க்கும் நடுவுல எழுதினது. ஆதியாகமம் 14:14-ல லோத்தை மீட்க ஆபிராம் 318 பேரைக் கூட்டிட்டுப் போறார். கிரேக்கத்துல எழுத்துக்கே எண் மதிப்பு உண்டு. தௌ-ங்கிற எழுத்துக்கு 300, வடிவத்துல அது சிலுவை. ஐயோட்டாவும் ஈட்டாவும் சேர்ந்தா 18, அது கிரேக்கத்துல இயேசு பேரோட முதல் ரெண்டு எழுத்து. ஆக ஆபிரகாம் அன்னைக்கே சிலுவையைப் பார்த்துட்டார்னு அந்த ஆசிரியர் எழுதுறார்.

இதைக் கேட்டவுடனே தலையாட்டாம இன்னொரு பக்கத்தையும் பாருங்க. ரப்பிகளும் அதே 318-ஐக் கூட்டிப் பார்த்தாங்க, ஆபிரகாமோட வீட்டு விசாரணைக்காரன் எலியேசர் பேரை எபிரேயத்துல கூட்டுங்க: 1, 30, 10, 70, 7, 200, மொத்தம் 318. அப்ப ஆபிரகாம் படையே கூட்டிட்டுப் போகல, எலியேசர் ஒருத்தனோட போனார்னு விளக்கம். எண் ஒண்ணு, மொழி ரெண்டு, ஒவ்வொருத்தருக்கும் தன்னோட அன்புக்குரியவர் அதுல தெரியுறார். சிலுவைக் கணக்கு கிரேக்கத்துல மட்டும்தான் வரும், ஆதியாகமம் எழுதினது எபிரேயத்துல. அதனால அதை நிரூபணமா வச்சு யார்கிட்டயும் வாதாடாதீங்க. தியானமா எடுத்துக்கிட்டா அழகு.

திருச்சி வாசகர்: ஏசாயா 7:14-ல மூலத்துல கன்னிகைங்கிற வார்த்தையே இல்லைன்னு யூடியூப்ல பார்த்தேன். ஏமாத்திட்டாங்கன்னு சொல்றார் அந்த ஆளு.

வார்த்தை அல்மா, இளம்பெண்னு அர்த்தம், அது சரி. ஆகாஸ் ராஜா காலத்துல கிட்டத்தட்ட கி.மு. 734-ல ரெண்டு எதிரி ராஜாக்கள் படையெடுத்து வர்றாங்க, இந்தப் பிள்ளைக்கு நன்மை தீமை தெரியுற முன்னாடியே அந்த ஆபத்து நீங்கிடும்னு ஏசாயா தைரியம் சொல்றார், அதுவும் சரி. ஆனா பார்த்தெனோஸ்னு, கன்னிகைன்னு மொழிபெயர்த்தது கிறிஸ்தவங்க இல்ல சார், இயேசு பிறக்கிறதுக்கு முன்னாடியே கிரேக்கம் பேசின யூதர்கள். அலெக்சாந்திரியாவுல கி.மு. 3-ம் நூற்றாண்டுல மோசேயோட புத்தகங்கள்ல ஆரம்பிச்ச செப்துவஜிந்த் மொழிபெயர்ப்பு அது, மத்த புத்தகங்கள் பின்னால சேர்ந்துச்சு. அந்தச் சொல்லுமே எல்லா இடத்துலயும் கறாரா நிக்கல, ஆதியாகமம் 34:3-ல கெடுக்கப்பட்ட தீனாளையும் அதே மொழிபெயர்ப்பு பார்த்தெனோஸ்னு சொல்லுது. மத்தேயு கையில இருந்த கிரேக்க வரி அவர் ஏற்கெனவே நம்பினதோட பொருந்துச்சு, எடுத்துக்கிட்டார். ஏமாத்துன்னு சொல்ல அதுல ஒண்ணும் இல்ல.

ஏமாத்துங்கிற குற்றச்சாட்டு வேற திசையிலதான் போச்சு, அதுதான் எனக்கு வருத்தம். கி.பி. 160 வாக்குல யுஸ்தீன்ங்கிற கிறிஸ்தவர், திரிஃபோங்கிற யூதரோட வாதம் பண்ற மாதிரி ஒரு நூல் எழுதினார். திரிஃபோ நிதானமா "அது இளம்பெண்தான், எசேக்கியா ராஜாவைப் பத்தினது"ன்னு சொல்றார். யுஸ்தீன் உங்க ஆசிரியர்கள் வேதத்தையே மாத்திட்டாங்கன்னு குற்றம் சாட்றார். கும்ரான்ல கிடைச்ச பெரிய ஏசாயா சுருள் கிறிஸ்தவம் தோன்றுறதுக்கு முன்னாடியே எழுதினது, அதுல அந்த இடத்துல அல்மான்னு தெளிவா இருக்கு. யாரும் எதையும் மாத்தல. அந்தச் சுருள் குகையை விட்டு வெளிய வர்றதுக்குள்ள 18 நூற்றாண்டு ஓடிடுச்சு.

சென்னை வாசகி: "யூதர்கள் எழுத்தைப் பிடிச்சுத் தொங்கினாங்க, நாம ஆவியைப் பிடிச்சோம்"னு சின்ன வயசுலேர்ந்து கேட்டு வளர்ந்திருக்கேன். நீங்க எழுதுறதைப் பார்த்தா அப்படித் தெரியலையே?

அப்படி இல்லவே இல்லம்மா. கண்ணுக்குக் கண்ணுங்கிற சட்டத்தையே பாருங்க. தல்மூத்ல பாபா கம்மாங்கிற பகுதியில ரப்பிகள் பக்கம் பக்கமா வாதாடி, அது கண்ணைப் பிடுங்குறது இல்ல, நஷ்டஈடு கொடுக்குறதுன்னு முடிவு பண்றாங்க. ஒரு குருடன் இன்னொருத்தன் கண்ணைக் கெடுத்துட்டா அவன்கிட்ட எந்தக் கண்ணை எடுப்பேன்னு ஒரு கேள்வி. கொலைகாரனோட உயிருக்கு ஈடு வாங்காதேன்னு எண்ணாகமம் 35:31 சொல்லுதே, அப்ப கை கால் கண்ணுக்கு ஈடு வாங்கலாம்தானேன்னு இன்னொரு வாதம். எழுத்தைப் பிடிச்சுத் தொங்கினவங்க பேசுற பேச்சா இது?

அலெக்சாந்திரியாவுல பவுல் காலத்துலயே ஃபிலோன்னு ஒரு யூதர் இருந்தார். ஆபிரகாம் தேசத்தையும் இனத்தையும் தகப்பன் வீட்டையும் விட்டுப் போனதை ஆத்துமா உடம்பையும் புலன்களையும் பேச்சையும் கடந்து போறதா விளக்கினவர். ஆனா அதே புத்தகத்துல, உள்ளர்த்தம் தெரிஞ்சுடுச்சுன்னு ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் விட்டுடாதீங்க, உள்ளர்த்தம் ஆத்துமான்னா எழுத்து உடம்பு, ஆத்துமா குடியிருக்கிற வீட்டைப் பராமரிக்கணும்னு கண்டிச்சு எழுதுறார்.

எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கமான ஜோடி உபாகமம் 30:12, "அது வானத்திலுள்ளதும் அல்ல". தல்மூத்ல ஒரு கதை இருக்கு: ஒரு அடுப்பு தீட்டா சுத்தமாங்கிற வழக்குல ரப்பி எலியேசருக்கு ஆதரவா மரம் இடம்பெயருது, வாய்க்கால் திரும்பி ஓடுது, கடைசில வானத்துலேர்ந்தே குரல் வருது அவர் சொல்றதுதான் சரின்னு. ரப்பி யோசுவா எழுந்து நின்னு "அது வானத்தில் இல்லை"ன்னு சொல்றார். வேதம் பூமிக்கு வந்தாச்சு, பெரும்பான்மைப்படிதான் தீர்ப்பு. அதுக்குத் தேவன் சிரிச்சு "என் பிள்ளைங்க என்னை ஜெயிச்சுட்டாங்க"ன்னு சொன்னாராம். பவுல் ரோமர் 10-ம் அதிகாரத்துல அதே வசனத்தை எடுத்து, வானத்துக்கு யார் ஏறுவான்னு சொல்லாதே, அது கிறிஸ்துவைக் கீழ இறக்குறதாகும், வார்த்தை உன் வாயிலயும் இருதயத்துலயும் பக்கத்துல இருக்குன்னு எழுதுறார். ரெண்டு பேரும் மோசேகிட்ட கேட்டது ஒண்ணுதான், தேவனோட வார்த்தை தூரத்துல இல்லையேன்னு.

பிரிவு வந்தது அப்புறம். கி.பி. 160-கள் வாக்குல சர்தை பட்டணத்து மெலித்தோ பஸ்காவைப் பத்தி ஒரு பிரசங்கம் எழுதினார், யாத்திராகமம் 12-ல வர்ற ஆட்டுக்குட்டியைக் கிறிஸ்துவா கண்டு எழுதின அந்த வரிகளோட இசை உள்ளத்தை உலுக்கும். அதே பிரசங்கத்துல இஸ்ரவேல் தேவனைக் கொன்னுடுச்சுன்னு குற்றம் சாட்டுறார். பழைய ஏற்பாடு வெறும் மாதிரி உருவம், அசல் வந்ததும் மாதிரி பயனத்துப் போச்சுன்னு சொல்றார். அந்த ஊர்லயே யூதர்கள் அந்தப் பஸ்காவை அப்பவும் கொண்டாடிக்கிட்டு இருந்தாங்க. அந்தக் குற்றச்சாட்டு பல நூற்றாண்டு எத்தனை வீட்டைக் கொளுத்துச்சுன்னு நமக்குத் தெரியும். மொத்த யூத ஜனத்து மேலயும் அந்தப் பழியைப் போடக்கூடாதுன்னு கத்தோலிக்க சபை வத்திக்கான் சங்கத்துல எழுதி வச்சது 1965-ல. வசனத்துக்குப் புது அர்த்தம் காணுறது தப்பில்லம்மா, பக்கத்து வீட்டுக்காரன் கையிலேர்ந்து புத்தகத்தைப் பிடுங்குறதுதான் தப்பு. அந்த "தொங்கினாங்க" வாக்கியத்தை இனிமே யாராவது சொன்னா தயவுசெஞ்சு மறுத்துப் பேசுங்க.

மார்த்தாண்டம் வாசகி: எனக்கு 68 வயசு. எபிரேயம் கிரேக்கம் ஒண்ணும் தெரியாது, வீட்டுல ஒத்துவாக்கிய பைபிள் ஒண்ணு இருக்கு. இதையெல்லாம் நானே பார்க்க வழி இருக்காய்யா?

தாராளமா இருக்கும்மா, அந்த ஒத்துவாக்கியம் போதும். 1 கொரிந்தியர் 9:9-ஐத் திறங்க. "போரடிக்கிற மாட்டை வாய் கட்டாயாக"ன்னு மோசே எழுதினதைச் சொல்லிட்டு, தேவன் மாட்டுக்காகவா கவலைப்படுறார், நமக்காகத்தானேன்னு பவுல் கேட்பார். களத்துல மாடு சுத்துறதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது கொஞ்சம் மனசுக்கு ஒட்டாது, மாட்டுக்காகவும்தானே கவலைப்படுறார்னு தோணும். எனக்கும் தோணும்.

ஓரத்துல உபாகமம் 25:4-னு குறிப்பு இருக்கும். நேரா அந்த வசனத்துக்குப் போயிடாதீங்க, 24-ம் அதிகாரத்துலேர்ந்து வாசிச்சுக்கிட்டே வாங்க. ஏழையோட திரிகைக்கல்லை அடகு வாங்காதே, கூலிக்காரனுக்குப் பொழுது சாயுறதுக்குள்ள கூலி கொடு, வயல்ல மறந்துட்டு வந்த அரிக்கட்டு விதவைக்கும் திக்கற்றவனுக்கும், குற்றவாளியைக்கூட 40 அடிக்கு மேல அடிக்காதே. இத்தனையும் பலவீனமான மனுஷங்களுக்காகச் சொல்லிக்கிட்டே வந்து திடீர்னு மாடு. மாட்டுக்கு அடுத்த வசனம் மறுபடியும் விதவை. அப்ப பவுலுக்கு மாட்டுலேர்ந்து மனுஷனுக்குத் தாண்ட வழி மோசேயே போட்டு வச்சிருக்கார். களத்துல வேலை செய்ற ஆள் அந்த விளைச்சல்லயே சாப்பிடலாம்ங்கிற உரிமையை ரப்பிகள் பேசும்போதும் இதே மாட்டைத்தான் கொண்டுவர்றாங்க.

முதல்ல அந்த ரெண்டு இடத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு தடவை சத்தமா வாசிங்கம்மா. 24:15-லயும் 24:19-லயும் ஒரு பென்சில் கோடு போட்டுக்கோங்க. என்ன தோணுச்சுன்னு எழுதுங்க, அடுத்த இதழ்ல உங்க கடிதத்துலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.